பூ ஸ்டாம்ப் சேர்க்கப் போகிறீர்களா? நாடு பார்த்துச் சேர்ப்பதா, பூ பார்த்துச் சேர்ப்பதா?

பூப் படம் போட்ட ஸ்டாம்ப் சேர்க்கலாம் என்று இறங்குகிற எல்லோரும் முதல் மாதத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். கண்ணில் படுகிற பூவையெல்லாம் எடுத்து வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ரோஜா, தாமரை, டியூலிப், பெயர் தெரியாத ஏதோ ஒரு மஞ்சள் பூ, எல்லாம் ஒரே ஆல்பத்தில், நிறம் பொருந்துகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒன்று கைக்கு வந்தபோது அதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு உறையில் போட்டு வைத்தேன். அந்த உறை தடித்துக்கொண்டே போனது, ஆல்பத்தைத் திறப்பதே நின்றுபோனது.

பூ என்பது அஞ்சல்துறைகளுக்கு மிகவும் பிடித்த விஷயம். யாரையும் புண்படுத்தாது, சிறிய சதுரத்தில் அழகாக அடங்கும், நிறமாக அச்சிடலாம். அதனால் ஸ்டாம்ப் வெளியிடுகிற நாடுகளில் பூ போடாத நாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்றால் ஆயுள் போதாது. ஆகவே எங்கே கோடு போடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் பார்த்தவரை மூன்று வழிகள் இருக்கின்றன. நாடு பார்த்துச் சேர்க்கலாம், செடியின் குடும்பம் பார்த்துச் சேர்க்கலாம், தோட்டத்தில் வளர்க்கிற பூக்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் கொஞ்ச காலம் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது.

நாடு பார்த்துச் சேர்ப்பதில் உள்ள பெரிய வசதி, பட்டியல் தயாராகக் கையில் இருப்பது. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷெல் என்று எந்தக் கேட்டலாக்கைப் புரட்டினாலும் முதன்மையான பட்டியல் நாடு வாரியாக, ஆண்டு வாரியாகத்தான் இருக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். பிரிட்டனை எடுத்துக்கொண்டால் 1964ல் எடின்பரோவில் நடந்த பத்தாவது சர்வதேசத் தாவரவியல் மாநாட்டுக்காக நான்கு ஸ்டாம்ப் வந்தன. ஜென்ஷியன், காட்டு ரோஜா, ஹனிசக்கிள், அப்புறம் விளிம்பில் குஞ்சம் வைத்த மாதிரி இதழ்கள் உள்ள ஒரு நீர்ப்பூ. அடுத்து 1967ல் காட்டுப் பூக்கள் என்று ஆறு வந்தன. அந்த ஆறில் நான்கை வரைந்தவர் பாதிரியார் கெபிள் மார்ட்டின், அப்போது அவருக்கு வயது 89. மற்ற இரண்டும், அதாவது வயலட்டும் பிரிம்ரோஸும், மேரி கிரியர்சன் வரைந்தவை. பத்து ஸ்டாம்பில் அந்தப் பத்தாண்டின் பூக்கள் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். ஜப்பான் 1961ல் மாதத்துக்கு ஒரு பூ என்று பன்னிரண்டு வெளியிட்டது. அதையும் ஒரே பக்கத்தில் முடித்துவிடலாம். முடித்தோம் என்கிற திருப்தி வேண்டுமென்றால் இந்த வழிதான் சரி.

ஆனால் நாடு பார்த்துச் சேர்க்கத் தொடங்கினால் கொஞ்ச நாளில் பூ பின்னால் போய்விடுகிறது. பிரிட்டனின் அந்த 1964 செட்டையே பாருங்கள். சாதாரணமாக அச்சிட்டது ஒன்று, தபால் பிரிக்கும் இயந்திரம் கண்டுகொள்வதற்காகப் பாஸ்பர் பட்டை பூசியது இன்னொன்று என்று இரண்டு வகை உண்டு. ஸ்டாம்பைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் அந்தப் பட்டை தெரியும். நாடு சேர்ப்பவருக்கு இரண்டும் வேண்டும். அமெரிக்கா 1982ல் ஐம்பது மாநிலங்களின் பறவையையும் பூவையும் ஐம்பது ஸ்டாம்பாகப் போட்டது. அதிலும் ஓரத் துளைகளின் அளவு மாறிய இரண்டு வகை இருக்கிறது. அளவுகோலை வைத்துத் துளைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அது மக்னோலியாவா, ஆப்பிள் பூவா என்பதே மறந்துபோகும்.

இதற்கு மலேசியாவை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 1965ல் ஆர்க்கிட் பூக்களை வைத்து அன்றாடப் பயன்பாட்டுக்கான ஸ்டாம்ப் வரிசை ஒன்று வந்தது, ஏழு மதிப்புகள், ஏழு படங்கள். அதே ஏழு படங்களும் பதின்மூன்று மாநிலங்களுக்கும் தனித்தனியாக, அந்தந்த மாநிலத்தின் ஆட்சியாளர் படமோ சின்னமோ போட்டு அச்சிடப்பட்டன. நாடு சேர்ப்பவருக்கு 91 ஸ்டாம்ப் வேண்டும். ஆர்க்கிட் சேர்ப்பவருக்கு ஏழு போதும், அதையும் எந்த மாநிலத்திலிருந்து வேண்டுமானாலும் கலந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே பொருளை இரண்டு பேர் இவ்வளவு வேறாகப் பார்க்கிறார்கள். நீங்கள் இதில் யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

சரி, குடும்பம் பார்த்துச் சேர்ப்பதற்கு வருவோம். தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த செடிகளை, எந்த நாட்டு ஸ்டாம்பானாலும், ஒரே பக்கத்தில் வைப்பது. என் ஆல்பத்தில் ரோஜாக் குடும்பத்துப் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். முதலில் பிரிட்டனின் 1964 காட்டு ரோஜா. அதற்குப் பக்கத்தில் ஜப்பானின் 1961 செர்ரியும் ப்ளம் பூவும். இரண்டுமே ரோஜாவின் உறவுகள். அடுத்து பூட்டான் 1973ல் வெளியிட்ட, வாசனை ஏற்றிய ரோஜா. இந்தியா 2007ல் போட்ட நான்கு வாசனை ரோஜாக்கள். பிறகு அமெரிக்காவின் 1982 தாளிலிருந்து ஆப்பிள் பூ, பீச் பூ, ஹாத்தார்ன், ஜார்ஜியா மாநிலத்தின் செரோகி ரோஜா. அந்தச் செரோகி ரோஜா உண்மையில் சீனாவிலிருந்து போனது. இத்தனையையும் ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்து ஒரு லென்ஸைப் பிடித்துப் பார்த்தால், ஒற்றையடுக்குப் பூக்களில் ஐந்து இதழ், நடுவில் கொத்தாக மகரந்தக் கேசரங்கள், அதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆப்பிளும் ரோஜாவும் ஒரே குடும்பம் என்று படித்தபோது வராத வியப்பு அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அது. தாமரை நீரில் வளர்கிறது, அல்லியும் நீரில் வளர்கிறது, இரண்டும் சொந்தக்காரர்கள் என்றுதான் யாரும் நினைப்போம். மரபணுவை வைத்து வகைப்படுத்திப் பார்த்தபோது தாமரைக்கு நெருங்கிய உறவு அல்லி இல்லை, புரோட்டியா என்று தெரிந்தது. புரோட்டியா வறண்ட மலைச்சரிவில் வளர்கிற கெட்டியான புதர்ச்செடி. இந்தியா 1977ல் பூக்கள் செட் வெளியிட்டது, அதில் தாமரை ஒன்று. அதே 1977ல் தென்னாப்பிரிக்கா புரோட்டியாப் பூக்களை வைத்து ஒரு முழு வரிசையே வெளியிட்டது. இரண்டு அஞ்சல்துறைக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. என் ஆல்பத்தில் அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நாடு பார்த்து அடுக்கியிருந்தால் இந்தச் சந்திப்பு நடந்தே இருக்காது.

அந்த 1964 பிரிட்டிஷ் செட்டில் நீர்ப்பூ என்று சொன்னேனே, அதற்கு அங்கே வழங்குகிற பெயரில் அல்லி இருக்கிறது. ஆனால் அது அல்லிக் குடும்பமே இல்லை, வேறு குடும்பம். ஸ்டாம்பில் ஆங்கிலப் பெயரைப் பார்த்து அல்லிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பிறகு எடுத்து மாற்றினேன். இந்த வழியில் போனால் இப்படிப் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது சுமை என்று நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். ஸ்டாம்பில் அச்சிட்ட அறிவியல் பெயரே சில சமயம் பழையதாக இருக்கும். வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் உள்ள ஆக்ஸ்-ஐ டெய்சியை முன்பு சாமந்திப் பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது லூகாந்திமம் என்று தனிப் பேரினம். நான் ஸ்டாம்புக்குக் கீழே பென்சிலால்தான் பெயர் எழுதுகிறேன்.

குடும்பம் பார்ப்பதில் நிஜமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரே ஸ்டாம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் இருந்தால் என்ன செய்வது? கெபிள் மார்ட்டின் வரைந்த ஒன்றில் ஆக்ஸ்-ஐ டெய்சியும் கோல்ட்ஸ்ஃபுட்டும் பட்டர்கப்பும் சேர்ந்து இருக்கின்றன. முதல் இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், மூன்றாவது வேறு. நான் டூப்ளிகேட் வாங்கி இரண்டு பக்கத்திலும் வைத்திருக்கிறேன். அப்படிச் செய்யப் பிடிக்காதவர்கள், பெரிதாகத் தெரிகிற பூ எதுவோ அதை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். அதிலும் தவறில்லை.

எல்லாக் குடும்பமும் வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்று குறுக்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆர்க்கிட்டுக்கு ஆட்கள் அதிகம், காரணம் ஸ்டாம்பும் அதிகம். கொலம்பியா 1947லேயே ஆர்க்கிட்டுக்கென்று ஒரு செட் போட்டுவிட்டது. அமெரிக்கா 1969 தாவரவியல் மாநாட்டுக்கு வெளியிட்ட நான்கில் ஒன்று ஆர்க்கிட், இந்தியா 1991ல் ஆர்க்கிட் மட்டுமே ஆறு போட்டது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, டாலியா, ஜினியா, ஆஸ்டர், எடல்வைஸ் எல்லாம் அதில் அடக்கம், எந்தக் கலவைப் பாக்கெட்டை வாங்கினாலும் குறைந்தது இரண்டு கிடைக்கும். இந்தியாவின் 1982 இமயமலைப் பூக்கள் செட்டில் நான்கு பூக்கள் இருக்கின்றன. அதில் பிரம்ம கமலம், இனுலா என்ற இரண்டும் இந்தக் குடும்பம். ‘கமலம்’ என்று பெயர் இருந்தாலும் தாமரைக்கும் அதற்கும் உறவில்லை.

ஒரே ஒரு செடியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. செங்காந்தள் இந்தியாவின் 1977 செட்டில் இருக்கிறது, தென் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) 1964 வரிசையிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இலைநுனி சுருண்டு பற்றுக்கொடியாக நீள்வதையும், சூல்தண்டு அடியிலேயே சட்டென்று பக்கவாட்டில் மடிவதையும் ஓவியர் கவனித்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

மூன்றாவது வழி தோட்டப் பூக்கள். செடி வளர்க்கிற பழக்கம் இருப்பவர்களுக்கு இது இயல்பாக வரும். தொட்டு நீர் ஊற்றிய செடியை ஸ்டாம்பில் பார்க்கிற சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அமெரிக்கா 1993 முதல் 1996 வரை ஆண்டுக்கு ஐந்து வீதம் தோட்டப் பூக்களைப் பருவம் பருவமாகப் போட்டது. வசந்தத்துக்கு ஹயசிந்த், டாஃபடில், டியூலிப், ஐரிஸ், லைலாக். கோடைக்கு லில்லி, ஜினியா, கிளாடியோலஸ், மேரிகோல்டு, ரோஜா. இலையுதிர் காலத்துக்கு ஆஸ்டர், கிரிசாந்திமம், டாலியா, ஹைட்ரேஞ்சா, ருட்பெக்கியா. குளிருக்கு ஸ்நோட்ராப், பான்சி, குரோக்கஸ் போன்றவை. இருபதும் சேர்ந்தால் அதுவே ஒரு சிறிய தோட்டம். ஜெர்மனி 2005லிருந்து பல ஆண்டுகள் வெளியிட்ட பூ வரிசையும் அன்றாடக் கடிதங்களில் ஒட்டப்பட்டதால் எளிதாகக் கிடைக்கும்.

இந்த வழியில் எனக்கிருக்கிற குறை, எல்லை மங்கலாக இருப்பதுதான். ஓர் இடத்தில் காட்டுப்பூ இன்னோர் இடத்தில் தோட்டப்பூ. அதோடு, தோட்டப் பூக்களில் இனத்தை விட ரகம்தான் முக்கியம். சீனா 1960-61ல் சாமந்திக்கென்று 18 ஸ்டாம்பும், 1964ல் பியோனிக்கென்று 15 ஸ்டாம்பும் ஒரு மினியேச்சர் ஷீட்டும் (ஸ்டாம்பைத் தனிச் சிறு தாளில் அச்சிட்டது) வெளியிட்டது. பதினெட்டும் ஒரே சாமந்தியின் ரகங்கள், இதழ் ஊசியாக நீள்வது, பந்தாகச் சுருள்வது, கலைந்து தொங்குவது என்று. தோட்டக்காரருக்கு அது பொக்கிஷம். குடும்பம் பார்த்துச் சேர்க்கிற எனக்கோ ஒரே வீட்டு ஆட்கள் பதினெட்டு பேர் வந்து பக்கத்தை நிறைத்த மாதிரி. ஆனாலும் எட்டு வைத்திருக்கிறேன், விட மனம் வரவில்லை. அந்தப் பியோனி ஷீட்டைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. மதிப்பு அதிகம் என்பதால் போலி உண்டு. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வழியை முடிவு செய்த பிறகு வருகிற அடுத்த கேள்வி, புதியதா பயன்படுத்தியதா. பெரும்பாலானோர் பூ ஸ்டாம்பைப் புதிதாக, பசையோடுதான் வைத்திருக்கிறார்கள். முத்திரை விழுந்தால் பூ மறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. சாமந்தியின் முகத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பசையோடு இருக்கிற ஸ்டாம்பைக் காப்பாற்றுவது தனி வேலை. ஈரப்பதமான காற்றில் பசை இளகி ஆல்பத்தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பின்புறம் கிழியும். எனக்கு ஒரு முழு செட் அப்படிப் போயிருக்கிறது. மலிவான பிவிசி உறைகளில் வைத்திருந்தேன், இரண்டு ஆண்டில் ஸ்டாம்பின் மேல் எண்ணெய்ப் பசை மாதிரி ஏறி நிறம் மாறிவிட்டது. அமிலமில்லாத தாள், பிவிசி இல்லாத மவுண்ட் (ஸ்டாம்பைச் செருகி வைக்கிற ஒளிபுகும் உறை), சூரிய வெளிச்சம் படாத அலமாரி, இவை மூன்றும் இல்லாமல் புதிய ஸ்டாம்பில் பணம் போடாதீர்கள்.

பயன்படுத்திய ஸ்டாம்புக்கு இந்தக் கவலை பாதிதான். தவிர, ஊறவைத்து எடுப்பதே ஒரு சுகம். அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் உறையிலிருந்து சுற்றிலும் இடம்விட்டு வெட்டிய துண்டு, படம் மேலே தெரிய மிதக்க விடுங்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் தாள் கனத்து மெல்லத் தாழும், ஸ்டாம்பின் ஒரு மூலை தானாக விலகும். அப்போதும் இழுக்கக் கூடாது. தானே நழுவி வரும்வரை காத்திருந்து, முனை தட்டையான இடுக்கியால் எடுத்து, பின்பக்கத்தில் வழவழப்பு போகும்வரை இன்னொரு முறை அலசி, ஒற்றுத்தாளில் கவிழ்த்து வைத்து, மேலே கனமாக ஏதாவது வையுங்கள். சிவப்பு, பச்சை நிற உறைகளைத் தனியாக ஊறவையுங்கள். ஒரு சிவப்பு உறையால் ஏழு வெள்ளைப் பூக்கள் இளஞ்சிவப்பாகிப் போனது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. தானே ஒட்டும் வகை ஸ்டாம்ப்கள் பல தண்ணீரில் விடாது. அவற்றை உறைத்தாளோடே சீராக வெட்டி வைத்துவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். முத்திரை மூலையில் அச்சடித்த மாதிரி அழகாக விழுந்து, பின்னால் பசை அப்படியே இருந்தால், அது கடிதத்தில் போனதே இல்லை. சேகரிப்பாளர்களுக்கு மலிவாக விற்பதற்காகவே முத்திரை போட்டது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அஜ்மான், ஃபுஜைரா போன்ற வளைகுடா ஆட்சிகளின் பெயரில் இப்படிக் கட்டுக்கட்டாக வந்தன. படங்கள் கண்ணைப் பறிக்கும். தொடக்கத்தில் ஒன்றிரண்டு வைத்துக்கொண்டால் குற்றமில்லை, அவற்றால் ஆல்பத்தை நிரப்பினால் பின்னால் வருத்தப்படுவீர்கள். நாட்டின் பெயரைப் போட்டு யாரோ அடித்த, அந்த நாட்டு அஞ்சல்துறைக்கே தெரியாத தாள்களும் விற்பனையில் உண்டு. 2002லிருந்து வந்தவற்றுக்கு உலக அஞ்சல் ஒன்றியத்தின் எண்முறையில் பதிவிருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். எல்லா நாடுகளும் அதில் பதிவு செய்வதில்லை, ஆனாலும் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்கிற இடம் அதுதான்.

வாசனை ஸ்டாம்ப் தனிப் பிரிவாக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டானின் 1973 ரோஜா, இந்தியாவின் 2007 ரோஜா, 2008 மல்லிகை. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வாசனை நாளடைவில் போய்விடும், தேய்க்கத் தேய்க்க இன்னும் சீக்கிரம் போகும். மணத்துக்காக வாங்காதீர்கள், பூவுக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்று இன்னும் குழப்பமாக இருந்தால் ஒரு கலவைப் பாக்கெட் வாங்கி, மேசையில் கொட்டி, எதுவும் யோசிக்காமல் பிரித்துப் பாருங்கள். கை தானாக நாடு நாடாகக் குவிக்கிறதென்றால் நீங்கள் முதல் வகை, கேட்டலாக் வாங்குங்கள். ஒரே மாதிரி இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்துகிறீர்கள் என்றால் தாவரவியல் கையேடு ஒன்று வாங்குங்கள், என் பக்கம் வந்துவிட்டீர்கள். ‘இதை நான் வளர்த்திருக்கிறேனே’ என்று ஒன்றைத் தனியே எடுத்து வைத்தால் தோட்டம்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றினேன். நிறம் பார்த்து அடுக்கிய அந்தப் பழைய ஆல்பத்தைப் பிரித்துக் குடும்பம் குடும்பமாக அடுக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

இப்போது தேடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். 1967ல் கெபிள் மார்ட்டின் வரைந்த நான்கும் ஒன்றோடொன்று சேர்ந்த கட்டமாகத்தான் அச்சாயின. பிரிக்காமல் அப்படியே ஒட்டி, நடுவில் ஒரே ஒரு வட்ட முத்திரை நான்கையும் தொடுகிற மாதிரி விழுந்து, நிஜமாகவே யாருக்கோ எழுதிப் போட்ட கடிதத்தின் உறை. ஸ்டாம்ப் வெளியான அன்றே சேகரிப்பாளர்களுக்காக முத்திரை போட்ட முதல் நாள் உறைகள் நிறையக் கிடைக்கின்றன, அவை வேண்டாம். ஹாத்தார்னும் முட்செடியும் இருக்கிற அந்த மூலை ரோஜாக் குடும்பத்துப் பக்கத்துக்குப் போக வேண்டியது, மற்ற மூன்றும் வேறு வேறு பக்கங்களுக்கு. கிடைத்தால் அதை வெட்டமாட்டேன், தனிப் பக்கம் ஒன்று காலியாக விட்டிருக்கிறேன்.